முதல் பதிப்பு, நான்கு தாள்கள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கெல்லாம் அலுவலகத்தில் ஒரு கையேடு கொடுத்திருக்கிறார்கள். பழைய ஆள் என்கிற மரியாதைக்கு எனக்கும் ஒரு பிரதி வந்தது. உள்ளே என் புகைப்படம். அதன் கீழே, 'பணிக்காலம் முழுவதும் ஒரு பிழைகூடச் செய்யாதவர்' என்று ஒரு வரி. படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. "புகழ்ந்து எழுதினா யாராவது கோபப்படுவாங்களாம்மா?" என்று என் மகள் கேட்டாள். பொய்யாகப் புகழ்ந்தால் படலாம் என்றேன்.

நான் ஒரு பிழை செய்தேன். சின்னப் பிழை இல்லை. அதை யார் தலையில் கட்டுவது என்று ஒரு திங்கட்கிழமை பூராவும் சண்டை நடந்தது. அந்தச் சண்டையில் நான் அடங்கிப் போகவில்லை என்பதுதான் என் பணிக்காலத்தில் நான் பெருமைப்படுகிற ஒரே விஷயம். அதை அழித்துவிட்டு எனக்குப் பொன்னாடை போர்த்தினால் எப்படி? ஆங்கிலத்தில் எழுதினால் பணிவு தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது, அதனால் தமிழில் எழுதுகிறேன். உங்களில் இரண்டு பேருக்குத் தமிழ் தெரியும் என்று கேள்விப்பட்டேன். மற்றவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நம் அறக்கட்டளை என்பது தெற்கு தில்லியில் ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளம். நான்கு அறைகள், முன்னால் கொஞ்சம் புல்தரை. ராணுவ அதிகாரிகள் துப்பாக்கியோடு நின்றுவிடாமல் படிக்கவும் யோசிக்கவும் வேண்டும் என்று ஓய்வுபெற்ற சில பெரிய அதிகாரிகள் கூடி ஆரம்பித்தது. எல்லையில் இருப்பவர்களுக்குத் தபாலில் புத்தகம் அனுப்புவோம். பனிமலைச் சாவடிகளுக்குப் போய்த் திரும்பும் புத்தகங்களில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். ஸ்டாஃப் காலேஜ் நுழைவுத் தேர்வுக்குத் தபால் வழியாகவே பயிற்சியும் கொடுப்போம். ஒரு கேப்டன் மேலே போக வேண்டுமென்றால் அந்தக் காலேஜ் பெரிய வாசல். அந்த வாசலில் நுழைய வருடம் முழுக்க முட்டி மோதிக்கொண்டிருப்பார்கள்.

தபால் பயிற்சிப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. எனக்கு ராணுவம் தெரியாது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து, கோல் மார்க்கெட்டில் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்திருந்த அரசாங்கக் குவார்ட்டர்ஸில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். கையில் ஒரு பி.ஏ.வும் டைப்ரைட்டிங் ஹையரும் இருந்தன. பயிற்சித் தாள்களைக் கட்டி அனுப்புவதும், விடைகள் வந்தால் திருத்துபவரிடம் கொடுப்பதும், மதிப்பெண்ணை டைப் அடித்துத் திருப்பி அனுப்புவதும் என் வேலை.

அந்த அலுவலகத்தில் மூன்று பேரை நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். தலைவர், ஓய்வுபெற்ற ஜெனரல். வாரத்துக்கு ஒரு நாள், திங்கட்கிழமை வருவார். விடை திருத்துபவர், ஓய்வுபெற்ற பிரிகேடியர். பஞ்சாபி. குரலைத் தாழ்த்தத் தெரியாது. மூன்றாவது எங்கள் செயலர், ஓய்வுபெற்ற கர்னல். வேலூர்க்காரர். அந்தக் கட்டடத்தில் என்னோடு தமிழில் பேசிய ஒரே ஆள். நல்லவர், ஆனால் இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

பயிற்சிக்கு வரைபடம் வேண்டும். உண்மையான வரைபடத்தை வெளியே கொடுக்கக் கூடாது என்பதால் பிரிகேடியரே ஒரு கற்பனை நாட்டை வரைந்திருந்தார். ஊர்களுக்கெல்லாம் தன் நாய்களின் பெயர். நடுவில் ஓடும் ஆற்றுக்குத் தன் மனைவியின் பெயர். "அந்த ஆத்தை இதுவரிக்கும் யாரும் தாண்டினதில்லம்மா" என்று கர்னல் என் காதில் கிசுகிசுப்பார். அந்த ஆற்றைத் தாண்டி எதிரியை எப்படித் தாக்குவது என்பதுதான் கேள்வி. பிரிகேடியர் தன் விடையை இளஞ்சிவப்புத் தாளில் அடித்து வைத்திருப்பார். ராணுவக் கல்லூரிகளில் அப்படித்தான் வழக்கமாம். எல்லோரும் அதை 'பிங்க்' என்பார்கள். பிங்க் சொல்வதுதான் வேதம்.

அந்த வருடம் பிரிகேடியர் வரைபடத்தைத் திருத்தினார். ஆற்றின் மேல் ஒரு பாலத்தை வரைந்து, இரண்டாம் பதிப்பாக அச்சுக்குக் கொடுத்தார். கேள்வித்தாளில் பாலம் என்ற வார்த்தையே கிடையாது. படிப்பவன் வரைபடத்தைப் பார்த்து அவனாகவே பாலத்தைக் கண்டுபிடித்து, அதைக் கைப்பற்ற வேண்டும். அதுதான் அவருடைய சூட்சுமம்.

தரியாகஞ்ச் அச்சகம் இழுத்தடித்தது. நான் போய் "ஜல்தி, ஜல்தி" என்று நின்றால், "நாளைக்குக் கட்டாயம், மேடம்ஜி" என்பார்கள். அந்த நாளை வரவேயில்லை. அக்டோபர் முடிவதற்குள் ஒரு மலைப் பகுதிக்கான தபால் போயாக வேண்டும். பனி விழுந்து கணவாய் மூடிவிட்டால் அப்புறம் பார்சல் போவது கஷ்டம். அங்கே ஒரே பிரிகேட் படைப்பிரிவில் நான்கு கேப்டன்கள் எங்களிடம் படித்துக்கொண்டிருந்தார்கள். அலமாரியில் முதல் பதிப்புத் தாள்கள் கிடந்தன. அவற்றில் நான்கை எடுத்துக் கட்டி அனுப்பிவிட்டேன். புதுத் தாள் வந்ததும் தனி உறையில் அனுப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒரு பாலம் கூடக்குறைய இருந்தால் என்ன ஆகிவிடும் என்றும் நினைத்தேன். பனிக்கு முந்திக்கொண்டதற்குக் கர்னல் என்னைப் பாராட்டினார்.

எட்டு நாள் கழித்து இரண்டாம் பதிப்பு வந்தது. மற்ற எல்லோருக்கும் அனுப்பினேன். தீபாவளி வந்தது. நான்கு பேருக்கு அனுப்பவில்லை. எழுதி வைக்கவில்லை, நினைவில் இருக்கும் என்று நம்பினேன். மறந்தே போனேன். இதுதான் என் பிழை. இதற்குச் சமாதானம் எதுவும் என்னிடம் இல்லை.

ஜனவரியில் விடைகள் வந்தன. மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலையில் பிரிகேடியர் நான்கு விடைத்தாள்களைத் தலைவரின் மேசையில் அடித்து வைத்தார். என்னையும் கர்னலையும் கூப்பிட்டார்கள்.

"நாலு பேர். ஒரே பிரிகேட்" என்றார் பிரிகேடியர். இந்தியில் கத்தினார், நான் தமிழில் எழுதுகிறேன். "நாலு பேர் கண்ணுக்கும் பாலம் தெரியல! நாலு பேரும் மேல போய், மாந்தோப்புப் பக்கமா ஆழம் கம்மியான இடத்துல ஆத்துல இறங்குறான். ஒருத்தன் எழுதினதை மூணு பேர் காப்பி அடிச்சிருக்கான். இவனுங்க நாளைக்கு ஆளுங்களை வழிநடத்தப் போறவனுங்களாம்!"

தலைவர் அதிகம் பேச மாட்டார். நான்கு பேரின் மேலிடத்துக்கு இன்றே கடிதம் போக வேண்டும், நாலு மணித் தபாலில் என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாம் தனியார் அறக்கட்டளைதான். யாரையும் தண்டிக்க நமக்கு அதிகாரம் இல்லை. ஆனால் ஓய்வுபெற்ற ஜெனரல் கையெழுத்தோடு 'இவர்கள் ஏமாற்றினார்கள்' என்று ஒரு கடிதம் போனால் அந்த நான்கு பேரின் கதை முடிந்தது. ராணுவத்தில் மதிப்பெண் குறைந்தவனை மன்னிப்பார்கள். நாணயம் குறைந்தவன் என்று பேர் வாங்கினால் அவன் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து ஓய்வு பெற வேண்டியதுதான்.

நான் மேசைக்கு வந்து தாளைச் செருகினேன். நான்கு பெயர்களையும் அடித்தேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. பக்கத்தில் அந்த நான்கு விடைகளும் இருந்தன. புரட்டினேன். ஒருவர் விடியுமுன் கிளம்புகிறார், இன்னொருவர் பொழுது சாயும் வரை காத்திருக்கிறார். ஒருவர் கோவேறு கழுதைகளைக் கூட்டிப் போகிறார். நான்காமவர் கணக்கில் தப்பு விட்டு முப்பது பேர் கொண்ட ஒரு பிளாட்டூனையே தொலைத்துவிட்டார். காப்பி அடிக்கிறவன் தப்பையும் சேர்த்துத்தான் அடிப்பான், பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கே தெரியும். இங்கே பாலம் இல்லை என்பதைத் தவிர ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை.

கர்னலிடம் போனேன். "சார், இவங்க காப்பி அடிக்கல. நான் இந்த லெட்டரை அடிக்க மாட்டேன்."

"இன்னாம்மா இது? பிரிகேடியர் சாப் சொல்றாரு, ஜெனரல் சாப் சரின்றாரு. நடுவுல நீயும் நானும் யாரு?" கண்ணாடி கையில் வந்துவிட்டது.

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது சார். டைப் அடிக்கது நான். பொய்னு தோணுதத என் கையால அடிக்க மாட்டேன். வேணும்னா வேற ஆளை வச்சு அடிச்சுக்கிடுங்க."

"வேற ஆளு எங்கம்மா இருக்கு?"

"அப்ப நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

தில்லி ஜனவரியில் சாப்பாட்டு வேளைக்கு யாரும் உள்ளே இருக்க மாட்டார்கள். புல்தரையில் வெயிலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரிப்பார்கள். நானும் டிபன் பாக்ஸோடு அந்த நான்கு தாள்களையும் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். திட்டத்திலிருந்து ஆரம்பிக்காமல் இந்தத் தடவை மேலே முதல் வரியிலிருந்து படித்தேன். ராணுவத்தில் எந்த உத்தரவு எழுதினாலும் முதல் வரியில் எந்த வரைபடம், எந்தப் பதிப்பு என்று எழுத வேண்டும். அது பயிற்சியில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது. எல்லோரும் எழுதுவார்கள், திருத்துகிறவர் யாரும் படிக்க மாட்டார். 'வரைபடம்: தாள் மூன்று, முதல் பதிப்பு.' நான்கு தாள்களிலும் அப்படித்தான் இருந்தது. நான்கு பேரும் தங்கள் சாட்சியைத் தலைக்கு மேலேயே எழுதி வைத்திருந்தார்கள்.

டிபன் பாக்ஸை மூடி வைத்தேன். அக்டோபரும் அலமாரியும் நினைவுக்கு வந்துவிட்டன.

உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஒரு ஐந்து நிமிடம் நானும் கணக்குப் போட்டேன். இதைக் கண்டுபிடித்தது நான் ஒருத்திதான். வாயை மூடிக்கொண்டால் என் வேலை தப்பும். நான்கு பேரையும் நான் பார்த்ததுகூட இல்லை. வெயில் இதமாக இருந்தது, பக்கத்தில் யாரோ முள்ளங்கிக்கு உப்புத் தடவிக் கொடுத்தார்கள், அதையும் வாங்கிக் கடித்தேன். அப்படிக் கடித்துக்கொண்டே நான்கு பேர் வாழ்க்கையை மண்ணில் புதைக்கலாமா என்று யோசித்த ஆள்தான் நான். அந்த நினைப்பே எனக்கு அருவருப்பாக இருந்ததால் எழுந்தேன். தைரியத்தால் எழுந்தேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

அலமாரியிலிருந்து முதல் பதிப்பில் ஒரு தாளும் இரண்டாம் பதிப்பில் ஒரு தாளும் எடுத்துக்கொண்டு தலைவர் அறைக்குள் போனேன். பிரிகேடியர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கர்னல் பின்னாலேயே ஓடி வந்தார். இரண்டு தாள்களையும் மேசையில் விரித்து, விடைத்தாள்களின் முதல் வரியைக் காட்டினேன்.

"நாலு பேருக்கும் பாலம் இல்லாத வரைபடம் போயிருக்கு சார். அனுப்பினது நான். புதுசு அனுப்ப மறந்ததும் நான்." என் இந்தி எப்போதும் ததிங்கிணத்தோம்தான். அன்று அதைப் பற்றியும் கவலைப்படவில்லை.

பிரிகேடியர் குனிந்து பார்த்தார். ஒரு தாளைப் பார்த்தார், மறு தாளைப் பார்த்தார். அவர் பேசாமல் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

தலைவர் பெருமூச்சு விட்டார். "அச்சா. அப்ப கடிதம் வேண்டாம். நாலு பேருக்கும் வேற பயிற்சி அனுப்பிடுங்க. விஷயம் இந்த ரூமோட முடிஞ்சது."

கர்னல் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், போதும் வா என்று. நியாயமாக நான் வந்திருக்க வேண்டும். வேலை தப்பிவிட்டது, கடிதம் போகவில்லை. ஆனால் காலையில் பிரிகேடியர் கத்தியபோது ஒன்றைச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை கிளப்பில் அந்தப் பகுதியின் மேலிடத்திலிருந்து வந்த நண்பரைப் பார்த்தாராம், 'உங்க பையன்க லட்சணத்தைப் பாரு' என்று எல்லாம் சொல்லிவிட்டாராம். அது என் காதில் அப்படியே இருந்தது.

"முடியல சார்" என்றேன். "கிளப்ல சொன்னது இந்நேரம் மலை ஏறியிருக்கும். நாம சும்மா இருந்தா அந்த நாலு பேரும் காப்பி அடிச்சவங்கதான். தப்பு எங்களோடதுன்னு எழுதி அனுப்பணும்."

"மேடம், ஒரு நிறுவனம் கேப்டன்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதறதில்ல" என்றார் தலைவர். "நம்ம பேர் கெட்டா நாளைக்கு யாரும் நம்மகிட்ட படிக்க வர மாட்டாங்க."

"நம்ம பேர் கெடக் கூடாதுன்னு அவங்க பேர் கெடலாமா சார்?"

பிரிகேடியருக்கு அப்போதுதான் குரல் திரும்பியது. "நீங்க என்ன ஃபவுஜியா, பட்டாளத்து ஆளா? ராணுவத்துல மானம் மரியாதைன்னா என்னன்னு எங்களுக்குப் பாடம் எடுக்கறீங்களா?"

"நான் ஃபவுஜி இல்ல சார். தப்பு செஞ்சவ. அதைச் சொல்லுததுக்கு ஃபவுஜியா இருக்கணுமா?"

கடைசிப் பாதி தமிழில் வந்துவிட்டது. அவருக்குப் புரிந்திருக்காது, ஆனால் புரிந்த மாதிரிதான் முகம் இருந்தது.

தலைவர் கடைசியில், "இதுல என் கையெழுத்து விழாது" என்றார்.

"வேண்டாம் சார். என் பேர்ல போகட்டும். தப்பு என் பேர்ல இருக்கு, கடிதமும் இருக்கட்டும்."

யாரும் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு வெளியே வந்து டைப்ரைட்டரில் உட்கார்ந்தேன். காலையில் நான்கு பெயர்களோடு நின்றுபோன அந்தத் தாள் அப்படியே உருளையில் இருந்தது. அதை உருவிப் போடவில்லை. அதே பெயர்களுக்குக் கீழே அடித்தேன். இவர்கள் யாரையும் பார்த்து எழுதவில்லை, இவர்களுக்குத் தவறான வரைபடத்தை அனுப்பியவள் நான், தங்களிடம் இருந்த வரைபடத்துக்கு இவர்கள் நேர்மையாக விடை எழுதியிருக்கிறார்கள், பதிப்பு எண்ணையும் முறைப்படி குறிப்பிட்டிருக்கிறார்கள், அதைப் படிக்காமல் விட்டது எங்கள் குற்றம். கீழே என் முழுப் பெயர், என் கையெழுத்து. அவர்களுடைய மேலிடத்துக்கு ஒன்று, நான்கு பேரின் யூனிட்டுகளுக்கும் நகல்.

அனுப்பும் முத்திரை கர்னலிடம்தான் இருக்கும். தாளை நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. பேனாவை எடுத்து என் கையெழுத்துக்குப் பக்கத்தில், 'சரிபார்த்தேன், உண்மை' என்று எழுதித் தன் பெயரையும் போட்டார்.

"உங்களை யாரு சார் போடச் சொன்னா?"

"சும்மா இரும்மா. டாக் போய்டும், ஜல்தி" என்றார். நாலு மணித் தபாலில் அது போயிற்று.

மறு வாரம் எனக்கு ஒரு மெமோ வந்தது. கவனக்குறைவுக்குக் கண்டிப்பு, பயிற்சிப் பிரிவிலிருந்து நூலகத்துக்கு மாற்றம். கவனக்குறைவு என்றது சரி, வாங்கிக்கொண்டேன். பெரியவர்களிடம் வரம்பு மீறிப் பேசியதாகவும் ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பேனாவால் அடித்து, ஓரத்தில் 'ஏற்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். "இப்படியெல்லாம் பண்ணினா வேலை நிலைக்குமா?" என்று வீட்டில் அவர் கேட்டார். நிலைத்தது. மெமோவின் நகல் இன்னும் என் பீரோவில் இருக்கிறது, பட்டுப்புடவைக்கு அடியில்.

பிரிகேடியரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் அதன் பிறகு என்னோடு பேசவேயில்லை. ஆனால் பாலம் இல்லாத அந்தப் பழைய வரைபடத்தை வீட்டுக்கு எடுத்துப் போனார். மூன்று நாள் கழித்து அதற்கென்று தனியாக ஒரு பிங்க் எழுதிக்கொண்டு வந்தார். அதில் அவரும் மேலே போய், மாந்தோப்புப் பக்கமாகத்தான் ஆற்றில் இறங்கியிருந்தார். நான்கு தாள்களையும் முதல் வரியிலிருந்து புதிதாகத் திருத்தினார். மூன்று பேர் தேறினார்கள். பிளாட்டூனைத் தொலைத்தவர் தேறவில்லை. அதுதான் நியாயம்.

அடுத்த குளிர்காலத்தில் நூலகத்து மேசைக்கு ஒரு இளைஞர் வந்தார். முகமெல்லாம் பனிவெயிலில் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. விடுமுறையில் ஊருக்குப் போகிற வழியாம். புத்தகம் கேட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பெயரைப் பார்த்தேன். நான் ஒரு காலைப்பொழுதில் அடித்த நான்கு பெயர்களில் மூன்றாவது.

என் மேசையில் இருந்த பெயர்ப் பலகையை அவரும் பார்த்துவிட்டார். விறைப்பாக நின்றார். "மேடம்ஜி, அந்தக் கடிதம் வர்றதுக்கு முன்னால பதினொரு நாள் பிரிகேட் மெஸ்ஸுல எங்க நாலு பேரோட யாரும் உக்காந்து சாப்பிடல" என்றார் இந்தியில். "கடிதம் வந்ததும் எங்க பிரிகேட் கமாண்டர் அதை அங்கேயே, எல்லாருக்கும் முன்னால சத்தமாப் படிச்சாரு."

மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். அந்தப் பதினொரு நாளும் என் அலமாரியிலிருந்து போனவை. அதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார், பரவாயில்லை என்று சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. புத்தகத்தை வாங்கிக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"ஒண்ணு கேக்கணும். பாலம் இருந்திருந்தாலும் அங்க ரெண்டு பக்கமும் எதிரி காத்துக்கிட்டிருப்பான். நான் மாந்தோப்பு வழியாத்தான் போயிருப்பேன். அப்ப எனக்கு எத்தனை மார்க்கு விழுந்திருக்கும்?"

பூஜ்யம் என்றேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து பிரிகேடியர் எட்டிப் பார்த்தார்.

ஆகவே, பிள்ளைகளே, உங்கள் முன்னால் பெரிய பெரிய பதவிகள் வந்து உட்காரும். குரல் உயர்த்துவார்கள். நாலு மணித் தபால் என்பார்கள். அவர்களுக்கு மரியாதை கொடுங்கள், கையைக் கொடுக்காதீர்கள். விரல் உங்களுடையது. தப்பு செய்தால் நான் செய்தேன் என்று உங்கள் பெயரிலேயே எழுதுங்கள், யாரும் கேட்கும் முன்னால். அதற்காக மாற்றினால் மாறுங்கள், அடங்கிப் போகாதீர்கள்.

கையேட்டில் என் படத்துக்குக் கீழே இருக்கும் வரியை இன்றைக்கே பேனாவால் அடித்துவிடுங்கள். 'ஒரு பிழை செய்தார், அதை வேறு நான்கு பேர் மேல் ஏற்ற விடவில்லை' என்று எழுதுங்கள். மறுபடி அச்சடிக்கும்போது இது எத்தனையாவது பதிப்பு என்பதை முதல் வரியிலேயே போடுங்கள். போட்டால் மட்டும் போதாது, யாராவது ஒருவர் அதைப் படிக்கவும் வேண்டும்.